கட்சி ஆய்வு மையத்தில் பொருளியலாளர் வேலை: சேலத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுக்கடைகளை மூடினார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் சென்னை மாகாணத்தின் பிரதமராக (அன்று மாகாண முதல்வருக்கு அந்தப் பெயர்) பொறுப்பேற்றிருந்தார் ராஜாஜி. மதுவிலக்கை மாகாணம் முழுக்கக் கொண்டுவரும் முன் ஒரே ஒரு மாவட்டத்தில் நடத்திப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தபோது, தான் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த ஊரையே அவர் தேர்ந்தெடுத்தார். அதன் பலனை அளக்க சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி.ஜே. தாமஸின் வழிகாட்டுதலில் ஆய்வு நடந்தது. குடியை விட்ட வீட்டில் மிச்சமாகும் காசு அரிசிக்குப் போகிறதா, கடனுக்குப் போகிறதா என்று வீடு வீடாகக் கேட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. மதுவால் வந்துகொண்டிருந்த கலால் வருமானம் மாகாணத்துக்குப் பெரிய தூண். அது சரிந்ததை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படி ஒரு பொது விற்பனை வரி அதுதான் முதல். மற்ற மாகாணங்களும் பிறகு அதே வழியில் போயின. 2017 ஜூலை 1-ம் தேதி அந்த வரியின் பெரும்பகுதியை ஜிஎஸ்டி விழுங்கியது. மதுவும், பெட்ரோல், டீசல் போன்ற சிலவும் ஜிஎஸ்டிக்கு வெளியே நின்றன. ஆக, மதுவிலக்கின் இழப்பை ஈடுகட்டப் பிறந்த வரி மாநிலத்தின் கையை விட்டுப் போய், மாநிலம் தானே விகிதம் வைக்கும் சில வரிகளில் ஒன்றாக மது மீதான வரி நிற்கிறது.

எங்கள் தொழில் முழுக்க இந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. ஒரு வாக்குறுதி, அதை ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தல், வீட்டுக்குள் என்ன மாறியது என்று போய்க் கேட்டல், பிறகு யார் தலையில் செலவு விழுகிறது என்ற கணக்கு. கடைசிக் கணக்கை நான் "இரண்டாம் பக்கம்" என்று சொல்வேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த இரண்டாம் பக்கத்தைத்தான்.

நான் ஓர் அரசியல் கட்சியோடு தொடர்புள்ள ஆய்வு மையத்துக்காகச் சேலத்தில் இருந்துகொண்டே பல ஆண்டுகள் வேலை செய்தவன். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை, எந்தக் கட்சியிலும் வேலையின் சிக்கல் ஒன்றுதான். சேலம் அரசு கலைக் கல்லூரியிலோ பெரியார் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. பொருளியல் முடித்துவிட்டு, "கட்சிக்காரங்க நடத்துற இடத்துல போய்ச் சேரலாமா சார்?" என்று கேட்கும் மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: சேரும் முன் கேட்க வேண்டியவை

முதலில், அந்த இடம் சட்டப்படி என்ன என்று கேளுங்கள். அறக்கட்டளையா, சங்கமா, கம்பெனிகள் சட்டம் 2013-ன் 8-ம் பிரிவில் பதிவான லாப நோக்கமற்ற நிறுவனமா? நேரடியாகக் கட்சி அலுவலகத்தின் ஒரு அறையா? நான்கிலும் வேலை செய்யலாம். ஆனால் சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பது தெரியாமல் சேரக் கூடாது. 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் கட்சிகளுக்கும் அரசியல் தன்மை கொண்ட அமைப்புகளுக்கும் வெளிநாட்டுப் பணத்தைத் தடுக்கிறது. "வெளிநாட்டு ஃபண்டிங் வரப்போகுது தம்பி" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று விவரம் கேளுங்கள்.

இரண்டாவது, உங்கள் குறிப்பை யார் படிப்பார்கள்? தலைவரா, தேர்தல் அறிக்கைக் குழுவா, சட்டமன்ற உறுப்பினரா, ஊடகப் பிரிவா? ஊடகப் பிரிவு மட்டும்தான் என்றால் அந்த வேலைக்குப் பெயர் வேறு. அங்கே பொருளியல் படித்தவர் தேவையில்லை.

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. மையம் வெளியிட மறுத்த ஆய்வை, வேலையை விட்ட பிறகு உங்கள் பெயரில் நீங்கள் வெளியிடலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பது பதில் ஆகாது.

படி 2: முதல் மாதம் பட்ஜெட்டோடு குடியிருங்கள்

புதிதாக வருகிறவர்கள் உடனே கட்டுரை எழுதத் துடிப்பார்கள். நான் முதல் மாதம் எழுத விடமாட்டேன். தமிழக அரசின் பட்ஜெட் ஆவணங்களைப் படிக்கச் சொல்வேன். நிதியமைச்சரின் உரையை மட்டும் படித்தால் போதாது. ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கை, அதோடு வரும் கொள்கை விளக்கக் குறிப்பு, பிறகு அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி அறிக்கை, மாநிலங்களின் நிதிநிலை குறித்து ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்வு. எல்லாம் இணையத்தில் இலவசம்.

பட்ஜெட் புத்தகத்தில் மூன்று வகை எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வரவு செலவுத் திட்ட மதிப்பீடு என்பது அரசு செய்ய நினைப்பது. திருத்த மதிப்பீடு என்பது ஆண்டின் பாதி போன பிறகு செய்த திருத்தம். கணக்கு என்பது உண்மையில் செலவானது, அது இரண்டு ஆண்டு பின்தங்கித்தான் வரும். 2025-26 பட்ஜெட்டில் 2023-24-ன் கணக்குதான் கிடைக்கும். மேடையில் பேசப்படுவது எப்போதும் முதல் எண். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது. ஒரு திட்டத்துக்கு ஒதுக்கியதும் செலவழித்ததும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் எந்தப் பேச்சாளரையும் விட அதிகம் சொல்லும்.

அதற்கடுத்து, அரசு தொட முடியாத செலவைப் பிரித்தெடுங்கள்: சம்பளம், ஓய்வூதியம், வட்டி. ஏற்கெனவே நடக்கும் மானியங்களையும் தேர்தல் காலத்தில் யாரும் குறைக்கமாட்டார்கள் என்பதால் அதே பட்டியலில் வைக்கலாம். மீதியில்தான் புதிய வாக்குறுதி எதுவும் உட்கார வேண்டும்.

2021 ஆகஸ்ட் 9-ம் தேதி அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையையும் படியுங்கள். ஒரு குடும்பத்தின் மீது 2,63,976 ரூபாய் கடன் என்ற எண் அதில்தான் வந்தது, அன்று மாலை எல்லா டீக்கடையிலும் அதுதான் பேச்சு. அதே கடனை மாநில உற்பத்தி மதிப்பின் சதவீதமாகச் சொல்லியிருந்தால் டீக்கடையில் யாரும் நிமிர்ந்திருக்க மாட்டார்கள். இரண்டுமே உண்மை. முதலாவது பயத்தைத் தரும், இரண்டாவது திருப்பிக் கட்டும் சக்தியைக் காட்டும். ஒரு எண்ணை எதால் வகுக்கிறோம் என்பதே ஓர் அரசியல் முடிவு என்பதை அந்த அறிக்கை எனக்குப் புரியவைத்தது. அதன்பின் என் குறிப்புகளில் இரண்டு வகையிலும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 3: தலைவரின் கேள்வியை விடை சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றுங்கள்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு போன் வந்தது. "மரவள்ளிக்கு ஆதரவு விலை குடுத்தா எவ்வளவு ஆகும்? காலையில வேணும்." மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் மரவள்ளி இல்லை. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளும் ஸ்டார்ச் ஆலைகளும் கிழங்கை நம்பியே இருக்கின்றன. ஆலைக்காரர்கள் சேர்ந்து 1981-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்தான் சேகோசர்வ். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விலை விழும்போதெல்லாம் கிழங்கைச் சாலையில் கொட்டிப் போராட்டம் நடக்கும். ஆகவே கேள்வி நியாயமானதுதான்.

அவசரத்துக்குச் செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு: உறுதி விலையிலிருந்து சந்தை விலையைக் கழித்து, மொத்த டன்னால் பெருக்குவது. பத்து நிமிட வேலை. பரப்பளவையும் விளைச்சலையும் பொருளியல் புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம். நான் அதைச் செய்து அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இது தோராயம். களத்தைப் பார்க்க பத்து நாள் தேவை." அந்த ஒரு வரிதான் எனக்குப் பத்து நாளை வாங்கிக் கொடுத்தது. எந்த அவசரக் குறிப்பிலும் அப்படி ஒரு வரி சேருங்கள்.

ஆத்தூர் தாண்டி ஓர் ஆலை வாசலில் காலை ஆறரையிலிருந்து நின்றேன். தை மாதப் பனி. டிராக்டர்கள் வரிசையாக நின்றன, கிழங்கின் மேல் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. ஆலை ஆள் ஒவ்வொரு லோடிலிருந்தும் கொஞ்சம் கிழங்கை எடுத்தார், மண்ணைத் தட்டினார், எடை போட்டார். பிறகு அதே கிழங்கைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவிட்டு மறுபடி எடை பார்த்தார். மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். அந்த எடையிலிருந்து வருவதுதான் "பாயிண்ட்". கிழங்குக்கு விலை டன்னுக்கு என்று பேசினாலும், கைக்கு வரும் பணம் பாயிண்டைப் பொறுத்தது. தராசின் முகம் ஆலைப் பக்கம் திரும்பியிருந்தது. விவசாயி நின்ற இடத்திலிருந்து முள்ளின் பின்பக்கம்தான் தெரிந்தது.

வரிசையில் நின்ற பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, வெல எவ்வளவு இருந்தா கட்டும்?"

"வெல என்ன வேணாலும் சொல்லட்டும் தம்பி. பாயிண்ட்ட அவங்கதானே பாக்கறாங்க" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "புடுங்கிட்டா வூட்டுக்கு எடுத்துட்டா போக முடியும்? மூணு நாள்ல கறுத்துரும்" என்றார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். பத்து மாதம் வளர்த்த பயிர், வாசலுக்கு வந்த பிறகு பேரம் பேசும் பலம் அவருக்கு இல்லை.

அன்று நான் நின்ற நேரத்தில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நான் பார்க்கவில்லை, அதைக் குறிப்பிலும் எழுதினேன். பிரச்சினை ஏமாற்றா இல்லையா என்பதில் இல்லை. ஒரு பக்கம் மட்டுமே படிக்கக்கூடிய தராசில் நம்பிக்கை பிறக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். எண்கள் புரிவதற்காக மட்டும். ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிழங்கு உண்மையில் 28 பாயிண்ட் என்றால் டன்னுக்கு 8,400 ரூபாய். வாசலில் 26 என்று பதிவானால் 7,800. அரசு தலையிட்டு ஒரு பாயிண்டுக்கு 20 ரூபாய் கூடுதலாக உறுதி செய்கிறது, 320 ஆகிறது. 26 பாயிண்டுக்கு 8,320 ரூபாய். விவசாயி இன்னும் 80 ரூபாய் குறைவாகத்தான் வாங்குகிறார். அரசு கஜானாவிலிருந்து பணம் போயும், சரியான அளவைக்குப் பழைய விலையில் கிடைத்திருக்க வேண்டிய தொகை கூட அவர் கைக்கு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. நெல்லைப் போலக் கிழங்கை வாங்கிக் கிடங்கில் அடுக்க முடியாது. ஆகவே அரசு செய்யக்கூடியது விலை வித்தியாசத்தை விவசாயியின் கணக்கில் போடுவது. அதற்கு ஆதாரம் ஆலை தரும் ரசீது. ரசீதில் இருப்பது பாயிண்ட். எந்த வழியில் போனாலும் அதே தராசுக்கு முன்னால்தான் வந்து நிற்கிறோம்.

"மரவள்ளிக்கு ஆதரவு விலை எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வி இப்படி மாறியது: "இருவரும் பார்க்கும்படி பொதுத் தராசு வைத்து, பாயிண்டை அச்சிட்ட ரசீதில் தர எவ்வளவு ஆகும்? அதற்குப் பிறகும் ஆதரவு விலை தேவையா?" முதல் கேள்விக்குப் பெரிய எண்ணும், இரண்டாவதற்குச் சின்ன எண்ணும் விடை. அரசியல்வாதிக்குப் பெரிய எண் பிடிக்கும், மேடையில் நன்றாக ஒலிக்கும். அதனால்தான் சின்ன எண்ணைச் சொல்ல உங்களுக்கு ஆலை வாசலில் நின்ற அனுபவம் தேவைப்படுகிறது.

களத்துக்குப் போனவர் கிழங்கோடு திரும்பிவிடக் கூடாது, ஜவ்வரிசி எங்கே போகிறது என்றும் பின்தொடர வேண்டும். மகாராஷ்டிரத்தில் நவராத்திரி, சிவராத்திரி விரதத்துக்குச் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி செய்கிறார்கள். அங்கே தேவை கூடும்போது இங்கே வாசலில் விலை அசைகிறது. ஸ்டார்ச்சுக்கு மக்காச்சோளம் போட்டி. 2020-ல் மாவுப்பூச்சி பரவியபோது விளைச்சலே விழுந்தது, பிறகு அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து கொண்டுவந்து வயல்களில் விட்டார்கள். ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் பேசினால் பயிரின் பக்கக் கதை தெரியும். விலை ஆண்டுக்கு ஆண்டு ஏன் குதிக்கிறது என்பதைச் சொல்ல இவை எல்லாம் வேண்டும்.

படி 4: தரவு, அதன் பள்ளங்கள்

சேலத்தைப் பற்றி எழுதும் யாரும் விழும் முதல் பள்ளம் எல்லைக்கோடு. 1965-ல் தருமபுரி பிரிந்தது, 1997-ல் நாமக்கல் பிரிந்தது. தருமபுரியிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. 1990-ன் சேலத்தையும் 2010-ன் சேலத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டு "மரவள்ளிப் பரப்பு சரிந்தது" என்று எழுதினால், நீங்கள் அளந்தது நாமக்கல் பிரிந்ததைத்தான்.

அடுத்தது மக்கள்தொகை. கடைசியாக முழு விவரம் வந்த கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது, அதில் சேலம் மாவட்டத்தில் சுமார் 34.8 லட்சம் பேர். அதன் மேல் கட்டிய எந்த "தலைக்கு" எண்ணுக்கும் கீழே அந்த ஆண்டைக் குறியுங்கள்.

மூன்றாவது, மாதிரி அளவு. மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். 440 வீட்டில் சர்வே எடுத்தால், சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கும் பட்சத்தில், மாவட்டம் முழுமைக்கும் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி முன்பின்னாகச் சொல்லலாம். "தொகுதி வாரியா பிரிச்சுக் குடுங்க தம்பி" என்பார்கள். தொகுதிக்கு 40 வீடுதான் வரும், பிழை 15 புள்ளிக்கு மேல் போகும். 50 சதவீதம் என்று நீங்கள் சொல்வது 35 ஆகவும் இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம். கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அது அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சுற்றும், உங்கள் அடிக்குறிப்பு அதோடு போகாது.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வேலையின்மை பற்றி ஒரு சர்வே. ஜனவரி மாதம், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காலை பத்து மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். பாதி வீடு பூட்டியிருந்தது. திறந்திருந்த வீடுகளில் வயதானவர்களும் குழந்தைகளும். பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் கேட்டோம். எண்களைக் கூட்டியபோது வேலைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு என்று வந்தது. குறிப்பு கிட்டத்தட்ட தயாராகிவிட்டது. எங்களோடு வந்த உள்ளூர்ப் பெண்தான் கேட்டார்: "இது காப்பி பறிக்கிற சமயமாச்சே சார், வேலைக்குப் போறவங்க வீட்டுல எப்படி இருப்பாங்க?"

வேலை செய்கிறவர்களை எல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டு, வேலை இல்லை என்று எழுதப் பார்த்திருக்கிறேன். மறுபடி போனோம், மாலையில் பறித்த பழத்துக்கு எடை போட்டு முடிந்து அவர்கள் வீடு திரும்பிய பிறகும், வார விடுமுறை நாளிலும். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போகாமல் மாற்று வீடு எடுக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து என் விதி. உள்ளூரில் பிறந்த ஒருவர் இல்லாமல் மலையில் சர்வே எடுப்பதில்லை என்பது இன்னொன்று.

கிடைக்காத தரவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்த ஆண்டு, இந்தத் தலைப்பில் செலவான தொகையைக் காட்டும் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள்.

மென்பொருள் பற்றி நிறையக் கேட்கிறார்கள். எக்செலை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஆர் இலவசம், ஸ்டேட்டா கிடைத்தால் நல்லது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

படி 5: இரண்டு பக்கம் எழுதுங்கள், இரண்டாம் பக்கத்தை முதலில்

குறிப்பு இரண்டு தாளுக்கு மேல் போகக் கூடாது. முதல் பக்கத்தில் என்ன பிரச்சினை, என்ன செய்யலாம், யாருக்கு என்ன கிடைக்கும். இரண்டாம் பக்கத்தில் எவ்வளவு ஆகும், பணம் எங்கிருந்து வரும், அதனால் எது குறையும், எந்த அனுமானம் தப்பினால் கணக்கு கவிழும். நான் இரண்டாம் பக்கத்தை முதலில் எழுதுகிறேன். முதல் பக்கத்தை முதலில் எழுதினால் அதன் மேல் ஆசை வந்துவிடும், பிறகு கணக்கு அந்த ஆசைக்கு வளைந்துகொடுக்கும்.

இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. தமிழகத்தின் இலவச டிவி, மிக்ஸி, கிரைண்டர் தொடர்பான வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. அடுத்த ஆண்டு நடத்தை விதிகளில் அது சேர்ந்தது. வாக்குறுதிக்கான காரணமும், அதற்கான நிதியைத் திரட்டும் வழியும் பொதுவாகவாவது காட்டப்பட வேண்டும். "இரண்டாம் பக்கம் எதுக்குப்பா?" என்று கேட்கும் கட்சிக்காரரிடம் இதை எடுத்துக் காட்டுங்கள், உதவும்.

பெருக்கல் கணக்கை வாய்விட்டுச் சொல்லும்படி எழுதுங்கள். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சுமார் 1.06 கோடிப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000. பெருக்கினால் 12,720 கோடி. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் கூட போனில் தட்டிச் சரிபார்க்கலாம். எதிர்க்கட்சிக்காரர் சரிபார்க்கக் கூடிய கணக்குதான் தலைவருக்குப் பாதுகாப்பு. "எங்கள் மாடல் சொல்கிறது" என்று எழுதிவிட்டு மாடலை மறைத்தால், மேடையில் ஒரு கேள்வியில் எல்லாம் சரிந்துவிடும்.

ஒரே எண்ணாகச் சொல்லாமல், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று சொல்லுங்கள். "நடுவுல ஒண்ணு சொல்லுங்க" என்று வற்புறுத்தினால் சொல்லலாம், ஆனால் தாளில் இரண்டு ஓரமும் இருக்க வேண்டும்.

குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி யாரோ மொழிபெயர்க்கும்போது நிபந்தனைகள் உதிர்ந்துவிடும். "இருக்கக்கூடும்" என்பது "இருக்கும்" ஆகிவிடும். அந்த ஒரு சொல் மாற்றத்தில் நான் பட்டிருக்கிறேன்.

படி 6: எண் பிடிக்காதபோது

இது வரும். சேர்ந்த ஆறு மாதத்துக்குள் வரும். பலரும் பயப்படுவது, பொய் எண் எழுதச் சொல்வார்கள் என்று. என் அனுபவத்தில் அப்படி நேராக யாரும் சொன்னதில்லை. சொல்வது இப்படித்தான்: "எல்லாம் சரிதான் தம்பி, அந்த மூணாவது பாராவ மட்டும் எடுத்துருங்களேன்." மூன்றாவது பாராவில்தான் செலவு யார் மேல் விழுகிறது என்பது இருக்கும்.

நான் விட்டுக்கொடுப்பவை நிறைய. எப்போது வெளியிடுவது, எதை முதலில் சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, வெளியிடுவதா வேண்டாமா என்பது கூட. அது அவர்கள் கட்சி, மக்களிடம் போய் நிற்பது அவர்கள். நான் விடாதது இரண்டு. விடையை மாற்றமாட்டேன். எதை எடுத்தால் முடிவு தலைகீழாகப் புரியுமோ அதை எடுத்துவிட்டு என் பெயரோடு வெளியிட அனுமதிக்கமாட்டேன்.

விடையை மாற்றச் சொன்னால் சண்டை போடத் தேவையில்லை. "எந்த அனுமானம் தப்புன்னு சொல்லுங்கண்ணே, மாத்திப் போட்டுப் பாக்கலாம்" என்று கேளுங்கள். சில நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். கட்சிக்காரர் ஊர் ஊராகச் சுற்றுகிறவர், நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அனுமானத்தை மாற்றுங்கள், மாற்றியதைத் தேதியோடு குறியுங்கள், புதிய விடையை எழுதுங்கள். அனுமானம் எதுவும் இல்லாமல் விடை மட்டும் மாற வேண்டும் என்றால், அப்போது மறுக்க வேண்டும். வாயால் மறுத்துவிட்டு வராதீர்கள், நான்கு வரி மின்னஞ்சலில் மரியாதையாக எழுதுங்கள்.

இந்த மறுப்புக்குத் துணிச்சலை விட அதிகம் தேவைப்படுவது வங்கிக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். வீட்டு வாடகையும் அப்பாவின் மருந்துச் செலவும் இந்த வேலையை மட்டுமே நம்பியிருந்தால், மூன்றாவது பாரா மெதுவாக உங்கள் கையாலேயே போய்விடும். சேர்ந்த முதல் மாதத்திலிருந்து சேமியுங்கள். நான் கொடுக்கும் பொருளியல் ஆலோசனைகளில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

படி 7: வெளியே பேசுதல், மேலே போதல்

டிவி விவாதத்துக்கு அழைத்தால் கட்சியின் பெயரில் போகாதீர்கள், அதற்குப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். மையத்தின் ஆய்வாளராகப் போனால், திரையில் அப்படித்தான் போட வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு முடிவு எதையும் வெளியே விடாதீர்கள், சட்டச் சிக்கல்.

படிப்பைத் தொடர விரும்புகிறவர்களுக்குச் சென்னையில் மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மாநிலத் திட்டக் குழு அமைந்ததும் அதே ஆண்டுதான். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1993-ல் வந்தது. கட்சி மையத்தில் நல்ல பெயர் எடுத்தவர்கள் இங்கெல்லாம் போயிருக்கிறார்கள், திரும்பியும் வந்திருக்கிறார்கள். ஆனால் சென்னைக்குப் போனால்தான் வேலை என்பதில்லை. ஆலை வாசல், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் மூன்றையும் ஒரே நாளில் டூவீலரில் பார்த்துவிடக்கூடிய ஊரில் இருப்பது பொருளியலாளருக்குப் பெரிய பலம்.

படி 8: அடுத்த அறுவடைக்கு மறுபடி போங்கள்

மரவள்ளிக் குறிப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பொதுத் தராசு ஒரு வரியாகத் தேர்தல் அறிக்கையில் சேர்ந்தது. ஆதரவு விலை அதற்கு மேலே, பெரிய எழுத்தில் இருந்தது. நான் இரண்டாம் பக்கத்தைக் கோப்பில் வைத்திருக்கிறேன், தேதியோடு.

அறிக்கை வெளியானதும் வேலை முடிந்தது என்று பலர் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். 1937-ல் கடையை மூடியதோடு நின்றிருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டதால்தான் தெரிந்தது. ஆகவே உங்கள் குறிப்பு எந்த வடிவத்தில் வெளியானாலும், ஓராண்டு கழித்து அதே இடத்துக்குப் போகும் தேதியை அன்றே டைரியில் எழுதுங்கள். அதே மாதம், அதே நேரம், முடிந்தால் அதே ஆட்கள்.

நான் அடுத்த தையில் போனேன். டிராக்டர் வரிசையில் அந்தப் பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்ன தம்பி, தராசு திரும்புச்சா?" என்றார். திரும்பவில்லை. நோட்டை எடுத்து அன்றைய முப்பது லோடின் பாயிண்டையும் கேட்டுக் கேட்டு எழுதினேன், அவர் பக்கத்தில் நின்று விட்டுப்போனதைச் சொன்னார்.